தண்ணீர்மலையில் இரண்டு மணி நேரம்: புல்லிலிருந்து குரங்கு வரை ஒரு நடை

மலேசியாவில் நாம் வாட்ஸ்அப்பைப் 'புலனம்' என்கிறோம். பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, ஐந்து புலன்களின் நேரத்தையும் அது ஒன்றே தின்றுவிடுகிறது. நானும் அதற்கு நன்றாகத் தீனி போட்டவன்தான். பினாங்கின் பாயான் லெப்பாஸில் பகல் முழுக்கக் கணினித் திரை, வீட்டுக்கு வந்தால் கைப்பேசித் திரை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைப் பூங்காவுக்கு நடக்கப் போனாலும் காதில் ஒரு பேச்சு, கையில் ஒரு படம். ஒருநாள் வீடு திரும்பியதும் அம்மா கேட்டார்: "நாகலிங்கம் பூத்திருக்காப்பா?" அந்த மரத்தடியில் நின்றுதான் பத்து நிமிடம் கைப்பேசியில் பேசியிருந்தேன். பூத்திருந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு பல ஞாயிறுகளில் செய்து பார்த்து, தப்பானதைத் தள்ளி, நானே சரிப்படுத்திக்கொண்ட முறை இது. தியானம் தெரிந்திருக்க வேண்டாம். மலையேறத் தெம்பும் வேண்டாம். எழுபது வயது அம்மா என்னோடு வந்து முழுதாகச் செய்திருக்கிறார்.

இதில் வரிசைதான் முக்கியம். தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு அடுக்கியிருப்பது பள்ளியில் படித்தது நினைவிருக்கும். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அது தொடு உணர்வு. நத்தைக்கு நாக்கும் சேர்ந்து இரண்டு. எறும்புக்கும் கறையானுக்கும் மூக்கும் சேர்ந்து மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணோடு நான்கு. விலங்குக்குக் காதும் சேர்ந்து ஐந்து. நாம் பூங்காவுக்குள் நுழைந்தால் கண்தான் முந்திக்கொள்ளும். திரையில் பழகிய கண் வேறு! ஐந்தே நிமிடத்தில் "பார்த்தாச்சு, அடுத்து?" என்று கேட்கும். அதனால் கண்ணை நான்காவதாகத் தள்ளிவைக்கும் இந்தப் பழைய அடுக்கு நடைக்கு அருமையாகப் பொருந்துகிறது; அதன்படியே நடையை ஐந்து படிகளாகப் பிரித்துக்கொண்டேன். நல்லவேளையாக, இந்த ஐந்து வகை உயிர்களும் தண்ணீர்மலையிலேயே இருக்கின்றன.

எங்கே, எப்போது

நான் சொல்வது பினாங்கு தாவரவியல் பூங்காவை. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் பொறுப்பேற்று, பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் உருவாக்கிய தோட்டம். மூன்று பக்கமும் மலைக்காடு, நடுவே ஓர் ஆறு. பக்கத்திலேயே 513 படிகள் கொண்ட தண்ணீர்மலை முருகன் கோயில் இருப்பதால் வழி சொல்லத் தேவையில்லை. தைப்பூசத்துக்கு வராத பினாங்குத் தமிழர் யார்? அனுமதி இலவசம், விடியும் முன்பே திறந்துவிடுவார்கள். கார் இல்லாதவர்களுக்கு ஜெட்டியிலிருந்து கொம்தார் வழியாக 10ஆம் எண் ராப்பிட் பேருந்து இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு உள்ளே இருங்கள். பினாங்கில் சூரியன் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் உதிக்கும், ஆக வெளிச்சம் வருவதையும் சேர்த்தே அனுபவிக்கலாம். ஒன்பதரை மணிக்கு மேல் வெயில் தலையில் ஏறிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் குடை இல்லாமல் வராதீர்கள். இடி முழங்கினால் மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

ஏன் இரண்டு மணி நேரம்? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கையில் கழிப்பவர்கள், அறவே கழிக்காதவர்களைவிட, தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே தடவையா, பிரித்துப் பிரித்தா என்பது வித்தியாசம் செய்யவில்லை. நலமாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம், கேள்வி நியாயமானது. எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு: முதல் அரை மணி நேரம் மனம் அடங்காது. அதைக் கழித்தால் மிச்சமிருக்க வேண்டாமா?

கைப்பேசியை என்ன செய்வது

அணைத்துவிடுங்கள். ஒலியை மட்டும் நிறுத்தி வைப்பது, விமானப் பயண நிலையில் வைப்பது எல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அதெல்லாம் எனக்குப் பலிக்கவில்லை. அணைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, தோள்பையின் அடியில், தண்ணீர்ப் போத்தலுக்கும் கீழே. வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான், ஆனால் தனியாக வருபவருக்கு அவசரம் என்றால் 999ஐ அழைக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். முந்தின இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "ஏழிலிருந்து ஒன்பதரை வரை எடுக்க மாட்டேன், தண்ணீர்மலையில்தான் இருப்பேன்." இதைச் சொல்லாமல் போன ஒரு ஞாயிறு நான் திரும்பும்போது வாசலிலேயே அம்மா நின்றிருந்தார். அதை விரிவாக எழுதப் போவதில்லை.

மணி பார்க்கச் சாதாரணக் கைக்கடிகாரம் போதும். அடி எண்ணும் கடிகாரம் வேண்டாம், அதுவும் ஒரு திரைதான்.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். போகட்டும். தடுக்காமல் எண்ணிக்கொண்டே வாருங்கள். முதல் தடவை எனக்குப் பதினொன்று. தொடையில் ஏதோ அதிர்ந்ததுபோலக்கூட இருக்கும், தொட்டுப் பார்த்தால் பை காலி. நல்ல காட்சி கண்ணில் பட்டதும்தான் கை அதிகம் தவிக்கும். அந்த நேரத்தில், இதை வீட்டில் அம்மாவிடம் எந்தச் சொற்களில் சொல்வேன் என்று யோசித்தபடி இன்னும் அரை நிமிடம் பாருங்கள். படம் எடுத்திருந்தால் அந்த அரை நிமிடம் கிடைத்திருக்காது.

இன்னொன்று. கோடாலித் தைலம், வாசனைத் திரவியம், மணக்கிற கொசு மருந்து எதையும் முகத்துக்கும் கைக்கும் பூசிக்கொண்டு வராதீர்கள், மூன்றாம் படியில் மூக்கு செத்துவிடும். ஏடிஸ் கொசு காலையிலும் கடிக்கும் என்பதால் முழுக்கால் சட்டை போட்டு, கொசு மருந்தைக் கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உணவுப் பொட்டலம் கூடவே கூடாது. ஏன் என்பதைக் குரங்குகள் சொல்லும்.

முதல் படி: புல்லும் மரமும், தொடு உணர்வு

நுழைந்ததும் நடக்காதீர்கள், நில்லுங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி பத்துத் தடவை. காற்று முகத்தின் எந்தப் பக்கம் படுகிறது என்று கவனியுங்கள். நம் ஊரில் காற்று இல்லை, ஒரே புழுக்கம் என்போம். காது மடலில் கவனம் வைத்தால், புழுக்கமான காலையிலும் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு குளிர் வருவது தெரியும்.

பிறகு கை. கருங்கல் ஒன்றைத் தேடி உள்ளங்கையை வையுங்கள். பினாங்கு மலையே கருங்கல்தான், கல்லுக்குப் பஞ்சமில்லை. விடிகாலையில் சில்லென்று இருக்கும். அதே கல்லை ஒன்பது மணிக்குத் திரும்பும்போது மறுபடி தொட வேண்டும், மறந்துவிடாதீர்கள். அடுத்து ஒரு மரத்தின் பட்டை. நிழல் படும் பக்கம் பாசியோடு ஈரமாகவும், மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். தொடும் முன் எறும்பு ஊர்கிறதா என்று பாருங்கள். சிவப்பாக நீண்ட கால்களோடு ஓடினால் அது முசுறு, மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பது. கடித்தால் துள்ளிவிடுவீர்கள். புல்வெளியிலும் நடைபாதை ஓரத்திலும் உள்ள மரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்காட்டில் ரெங்காஸ் போன்ற மரங்களின் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

ஓரமாக எங்காவது தொட்டாற்சிணுங்கி இருக்கும். சிறு வயதில் அடித்து அடித்து மூட வைத்திருப்போம். இப்போது ஒரே ஓர் இலையை, எவ்வளவு மெதுவாகத் தொட்டால் அது மூடாமல் இருக்கும் என்று முயன்று பாருங்கள். நான் இதுவரை ஜெயித்ததில்லை. ஓரறிவுதான் என்று அடுக்கில் கீழே வைத்தாலும், அந்த ஓரறிவில் நம்மைவிடக் கெட்டி.

செருப்பைக் கழற்றிப் புல்லில் நடப்பது சுகம், ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் வேண்டாம். நம் ஆட்களில் பலருக்குக் காலில் உணர்வு குறைந்திருப்பதே தெரியாது. முள் குத்தியதை மறுநாள்தான் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் கையோடு நிறுத்திக்கொள்ளலாம். அம்மா அப்படித்தான்.

இரண்டாம் படி: நத்தை

நாக்குக்குக் காட்டில் வேலை இல்லை. எந்தப் பழத்தையும் இலையையும் வாயில் வைக்காதீர்கள், எவ்வளவு தெரிந்ததுபோல் இருந்தாலும். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், மேலுதட்டு வியர்வையின் உப்பு நாக்கில் பட்டால் சரி. மீதி, நடை முடிந்தபின்.

ஆனால் நத்தையிடம் கற்க வேறொன்று இருக்கிறது: அதன் வேகம். மழை பெய்த மறுநாள் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் பாதையோரம் ஊரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது ஒரு முழம் கடக்கும்வரை அதன் பின்னாலேயே நில்லுங்கள். தொடக் கூடாது, மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கக்கூடும். நத்தை கிடைக்காத நாளில் நீங்களே நத்தையாகுங்கள்: நூறு அடி தூரத்தைப் பத்து நிமிடத்தில் கடக்க முயலுங்கள். மெதுநடை போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சீனப் பெரியவர் என்னிடம் வந்து உடம்பு சரியில்லையா என்றே கேட்டுவிட்டார்.

மூன்றாம் படி: எறும்பு, மூக்கு

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான்.

கறுப்பு எறும்புச் சாரி ஒன்றைக் கண்டுபிடியுங்கள், சிமெண்டுக் கட்டையோரம் எப்போதும் இருக்கும். சாரிக்குக் குறுக்கே விரலால் ஒரு கோடு அழுத்தித் தேய்த்துவிட்டுப் பாருங்கள். முன்னால் வரும் எறும்பு கோட்டருகே வந்ததும் தயங்கும், பக்கவாட்டில் அலையும், பின்னால் வருபவை முட்டிக்கொள்ளும். முன்னே போனவை விட்டுச்சென்ற மணத்தை நீங்கள் அழித்துவிட்டீர்கள். சற்று நேரத்தில் ஒன்று துணிந்து கடக்கும், அதன் பின் மற்றவை. எறும்புக்கு வழி என்பதே வாசனைதான். அதற்கு மூக்கைக் கொடுத்து மூவறிவு என்று நிறுத்தியவர்கள் சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றும்.

இப்போது உங்கள் மூக்கு. ஈர இலைச் சருகைக் கொஞ்சம் கிளறி முகர்ந்து பாருங்கள். மழைக்குப் பின் வருகிற மண்வாசனையின் பெரும்பகுதி ஜியோஸ்மின் என்ற பொருள், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். நம் மூக்கு மட்டமானது என்று யார் சொன்னது?

பிறகு நாகலிங்கம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம், நம் கோயில்களில் குடிபுகுந்து நம்முடையதாகவே ஆகிவிட்டது. பூ கிளை நுனியில் இல்லாமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். உள்ளே லிங்கம்போல ஒன்று, மேலே நாகம் படம் விரித்தது போன்ற வளைவு. விடிகாலையில் மணம் தூக்கலாக இருக்கும். கிட்டப்போய் ஒரேயடியாக இழுக்காமல் இருபது அடி தள்ளி நின்று, காற்று கொண்டுவரும்வரை காத்திருங்கள். வரும், போகும், மறுபடி வரும். ஒரே இடத்தில் நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூக்குக்குப் பழகி மணமே இல்லாததுபோல் ஆகிவிடும். அப்போது உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டுத் திரும்ப முகர்ந்தால் புதிதாகத் தெரியும். காய் பீரங்கிக் குண்டு கனத்தில் இருக்கும், அதற்கு நேர் கீழே நிற்க வேண்டாம். கீழே விழுந்து வெடித்த காய் நாறும். அதையும் ஒரு தடவை முகர்ந்து பார்க்கலாம், பாதகமில்லை.

மற்றப் புலன்களின் செய்தி மூளையில் ஓர் இடைநிலையத்தில் நின்றுதான் போகும். வாசனை மட்டும் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடும். அம்மாவுக்கு நாகலிங்க வாசனை என்றால் ஒரு தோட்டத்துக் கோயில், அங்கே உடுக்கை அடித்த தாத்தா. முகர்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். முப்பது வருடத்தில் நான் கேட்டிராத கதை. உங்களுக்கு என்ன வருகிறதோ வரட்டும், ஒன்றும் வராவிட்டாலும் சரி.

நான்காம் படி: தும்பி, கண்

தும்பி என்றால் வண்டு என்று உரை சொல்பவர்கள் உண்டு. நான் தட்டானாக எடுத்துக்கொள்கிறேன், அல்லிக் குளத்தில் அதுதான் இருக்கிறது. குளத்தோரம் உட்காருங்கள்.

தட்டானின் ஒரு கண்ணில் ஏறக்குறைய 30,000 சிறு கண்கள் இருக்கும். கிட்டத்தட்ட எல்லாத் திசையும் தெரியும். நமக்கோ கூர்மையாகத் தெரிவது கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு மட்டும்தான். கைப்பேசியில் நாம் பயன்படுத்துவது அந்த நக அளவை மட்டுமே. அதனால் இங்கே தலைகீழாகச் செய்ய வேண்டும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை ஆட்டிக்கொண்டே, பார்வையை நேராக வைத்து, கைகளை மெல்லப் பக்கவாட்டில் விரியுங்கள். விரல் அசைவு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவு அகலம் உங்களுடையது. கையை இறக்கிவிட்டு, எதையும் குறிப்பாகப் பார்க்காமல் அந்த அகலம் முழுவதையும் ஐந்து நிமிடம் பாருங்கள். அதுவரை ஒன்றும் இல்லாதிருந்த குளத்தில் தட்டான் அமர்வதும், மீன் வாய் திறப்பதும், ஓர் இலை சுழன்று விழுவதும் ஓரக்கண்ணில் படும்.

பிறகு தூரம். குளத்திலிருந்து மலை உச்சியைப் பாருங்கள். கிட்டப் பார்க்கும்போது இறுகும் கண் தசை தூரத்தைப் பார்க்கும்போதுதான் தளரும். பச்சை என்று ஒரே சொல்லால் சொல்வதை எண்ணிப் பாருங்கள்: பாசிப் பச்சை, வாழைக்குருத்துப் பச்சை, கிளிப் பச்சை, வெற்றிலைப் பச்சை. நான் ஒன்பதுக்கு மேல் பெயர் வைக்க முடியாமல் நிறுத்தினேன்.

வெறுமனே மரத்தைப் பார்த்து என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. சன்னலுக்கே அப்படி என்றால், நீங்கள் மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மரத்தின் பெயர் தெரியவில்லையே என்ற அரிப்பு வரும். பெயர்ப்பலகை இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் "மஞ்சள் பூ, யானைக்காது இலை" என்று நீங்களே ஒன்று வைத்துக்கொண்டு நகருங்கள்.

ஐந்தாம் படி: குரங்கு, காது

ஆற்றோரம் கல்லோ இருக்கையோ பார்த்து உட்காருங்கள். குறைந்தது இருபது நிமிடம். கண்ணை மூடலாம், ஆனால் பக்கத்தில் குரங்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு. இங்கே இரண்டு வகை. நீண்ட வாலோடு தரையில் உலாவி, பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவை ஒன்று. ஒரு பாக்கெட் ரொட்டியைப் பறிகொடுத்த அனுபவம் எனக்குண்டு. பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. தீனி போடுவதற்குத் தடையும் உண்டு. இன்னொன்று, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கண்ணாடிக் குரங்கு. மரத்தை விட்டு அதிகம் இறங்காது, இலை தின்னும் சாது. அதன் குட்டி பிறக்கும்போது தங்க நிறம், வளர வளரத்தான் சாம்பல் நிறமாகும்.

முதலில் மிக அருகே உள்ள ஓசை: உங்கள் மூச்சு. அடுத்து பத்தடிக்குள். பிறகு மரங்களின் உயரத்தில். கடைசியாக, கேட்கக்கூடியதில் மிகத் தொலைவானது. ஒவ்வோர் அடுக்கிலும் சில நிமிடங்கள் இருங்கள். ஆற்றோசை முதலில் ஒரே இரைச்சல்தான். பொறுமையாகக் கேட்டால் கல்லுக்கு அடியில் குமிழியிடும் கனத்த ஓசை ஒன்று, மேலே சலசலக்கும் மெல்லிய ஓசை ஒன்று என்று பிரியும். இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்து வைத்தால் முன்னால் உள்ளவை பெரிதாகும். கையை முன்பக்கம் குவித்தால் முதுகுக்குப் பின்னால் உள்ளவை வரும். மான் காதைத் திருப்புவது எதற்கு என்று அப்போது புரிந்தது.

குயில் நிச்சயம் கூவும். குண்டுகரிச்சான் பாடும், அதைத்தான் இங்கே முராய் என்கிறோம். மேலே கிளை ஒடிவதுபோல் சடசடவென்று ஓர் ஒலி வந்து உடனே அடங்கினால், கண்ணாடிக் குரங்கு மரம் தாவியிருக்கிறது. கூட்டமாக இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் ஒலி வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏழு எண்ணி, திறந்து பார்த்தேன். எட்டாவது, குட்டியைச் சுமந்தபடி தாவத் தயங்கிக்கொண்டிருந்தது.

யாரோ ஒருவர் ஒலிபெருக்கிப் பாட்டோடு போவார். உடற்பயிற்சிக் குழு மைக்கில் எண்ணும். எனக்கு முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது அதையும் ஓர் அடுக்கில் போட்டுவிடுகிறேன். பாட்டு தேய்ந்து மறைகிற அந்தக் கணத்தில், அதுவரை அடியில் கிடந்த ஆற்றோசை மேலே வருவது தனி சுகம். இதையெல்லாம் வேண்டுமென்றே தேடிப் போங்கள் என்று சொல்லவில்லை.

திரும்பும்போது

கருங்கல்லை மறுபடி தொடுங்கள். பிறகு வெளியே வந்து நாக்குக்குரிய பாக்கியைக் கொடுங்கள். பினாங்கு என்றால் ஜாதிக்காய்ச் சாறு. முதல் மிடறை விழுங்காமல் வாயில் வைத்திருந்தால் புளிப்பும், அதன் பின்னால் துவர்ப்பும், கடைசியில் மூக்கு வழியாக ஏறும் காரமும் தனித்தனியாக வரும். குவளை காலியான பிறகு கைப்பேசியைத் திறக்கலாம். அதுவரை காத்திருந்த எதுவும் இதுவரை எனக்குக் கெட்டுப்போனதில்லை.

நாலைந்து தடவை காலையில் வந்து பழகியபின் ஒரு மாலை வாருங்கள், கடிகாரத்தையும் கழற்றிவிட்டு. தூங்குமூஞ்சி மரத்தை மலாயில் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள், மாலையில் இலைகளை மடக்கிக்கொள்வதால். 1982இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தினார்கள். மரத்துக்கு அந்த அறிவிப்பு வரவில்லை, ஆகவே ஐந்தரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை மடங்க மடங்க, காலையில் கூடாரம்போல் இருந்த மரத்தின் ஊடே வானம் தெரியத் தொடங்கும். பிறகு ஒரு சில்வண்டு ஆரம்பிக்கும். கத்துவது ஆண் மட்டும்தான், வயிற்றின் பக்கவாட்டில் உள்ள சவ்வை அதிரவைத்து. ஒன்று, இரண்டு, பிறகு மலை முழுவதும். பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. எல்லாம் ஒருசேர நின்றதும், இருட்டுமுன் வாசலுக்கு நடக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று எழுந்துவிடுங்கள்.